எட்டாத இடம்

இரவு பதினொன்றுக்கு மேல்
சஜா லேபர் கேம்ப்பில்
எங்கள் அறை பேசத் தொடங்கும்.
முதலில் மேல்கட்டிலில் மொபிஸுல்.
பிறகு ஜன்னலோரம் ஞானதிரவியம்.
நகம் தோலோடு பேசும் பேச்சு.
இரும்புக் கட்டில் அதற்கு உம் கொட்டும்.
பன்னிரண்டு பேரும் விழித்திருப்போம்,
தூங்குவதாக நடித்துக்கொண்டு.

சொறி என்று யாரும் சொல்லவில்லை.
சிமெண்ட் அலர்ஜி என்றான் ஒருவன்.
வேர்க்குரு என்றேன் நான்,
ஜனவரியில்.
கையை ஏன் காட்டவே மாட்டேங்கிறீங்க என்றாள்
வீடியோவில் மனைவி.
நெட்வொர்க் சரியில்லை என்றேன்.

நரசய்யாவின் பயம் வேறு.
தெரிந்தால் முதலில் ரூமை மாற்றுவார்கள்,
அப்புறம் டிக்கெட்டைக் கையில் கொடுப்பார்கள்.
ஏஜெண்டுக்கு வாங்கிய கடனில் பாதி அப்படியே நிற்கிறது.
ஜூன் மாதத்திலும் முழுக்கைச் சட்டை போட்டே தூங்கினான்.

கிளினிக்கில் டாக்டர் என் விரலிடுக்கைத் தொடவில்லை.
பேனாவால் சுட்டினார்.
ஒரு கார்டுக்கு ஒரு டியூப்.
ரூமில் எத்தனை பேர் என்று கேட்டது
மருந்து எடுத்துக் கொடுத்த மரிசெல்தான்.
சொன்னேன்.
டியூபைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"எல்லாரும் ஒரே ராத்திரி பூசணும்.
இல்லேன்னா சுத்திச் சுத்தி வரும்."

சீட்டு மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்,
மாதம் ஒருவருக்கு.

அந்த மாதச் சீட்டு தில் பகதூருடையது.
வீட்டுக்குத் தகரம் மாற்ற வைத்திருந்தான்.
எதுவும் பேசாமல் போய்
பதினொரு டியூப் வாங்கிவந்து
மேசையில் கொட்டினான்.
திருப்பிக் கொடுங்கள் என்றான் இந்தியில்.
அதில் கோபமும் இருந்தது.

சனிக்கிழமை ராத்திரி.
நைட் டூட்டி சம்சுகனி
ஒருநாள் சம்பளம் போனால் போகட்டும் என்று தங்கிவிட்டான்.
போர்வை, பனியன், தலையணை உறை,
ஞானதிரவியம் யாருக்கும் கொடுக்காத அந்த நீல லுங்கி,
எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கட்டி
மொட்டைமாடியில் ஏற்றினோம்.
பன்னிரண்டரை முதல் மூன்று வரை
வெயிலில் வேலை கூடாதென்று சட்டம்.
பூச்சிக்கு அந்தச் சட்டம் கிடையாது.
ஆறு கோடையாக எங்களைத் தின்ற வெயில்
மறுநாள் முழுக்க எங்களுக்காக வேலை செய்தது.

ஏசியை நிறுத்திவிட்டுப் பூசினோம்.
கழுத்திலிருந்து கால்விரல் வரை,
நகத்தடியிலும்.
தன் கையே தனக்குதவி என்று
என் பள்ளிக்கூடச் சுவரில் எழுதியிருந்தது.
தோள்பட்டைக்குக் கீழே
அது எட்டவில்லை.

கொஞ்சநேரம் சும்மா நின்றோம்,
சுண்ணாம்பு அடித்துக் காயாத சுவர்கள் மாதிரி.
பிறகு நரசய்யா சட்டையைக் கழற்றித்
திரும்பி நின்றான்.
ஆறு மாதம் அவன் முதுகில் இருந்தது.
நான் பூசினேன்.
என் முதுகில் மொபிஸுல்.
கம்பி முறுக்கிக் காய்த்த கை,
சொரசொரவென்று,
மிக மெதுவாக.
இரண்டு வருடம் எட்டு மாதம்
அந்த இடத்தை யாரும் தொட்டதில்லை.
கண் எரிந்தது. மருந்து என்றேன்.
மருந்துதான் என்றான் அவனும்,
பின்னாலிருந்து,
என் முகத்தைப் பார்க்காமலே.

ஏழாம் நாள் இன்னொரு முறை.
அரிப்பு உடனே போய்விடவில்லை.
மூன்றாவது வாரம் ஒரு ராத்திரி
கட்டில்கள் வாயை மூடிக்கொண்டன.
பழக்கமில்லாத அமைதியில்
எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று புது ஆள் வந்தான்,
ஜெபல் அலி கேம்ப்பிலிருந்து, ஒரு பெட்டியோடு.
பெயர் ரகீப்.
பெட்டியை வைத்துவிட்டு
மணிக்கட்டைக் கதவு நிலையில் தேய்த்தான்.
வேர்க்குரு என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
தில் பகதூர் அலமாரியைத் திறந்து
சுருண்டு கிடந்த ஒரு டியூபை
நசுக்கிப் பார்த்தான்.
நரசய்யா எழுந்துபோய்
ஏசியை நிறுத்தினான்.